முப்பத்திரண்டு அடி வீடு

மொன்டானா மாநிலத்தில் ஒரு பெட்ரோல் பங்க்
14 அக்டோபர் 1979

அன்பு மருமகள் மார்லிசுக்கு மாமா ஆஸ்மண்ட் எழுதுவது.

நீயும் கைக்குழந்தையும் சுகமா? என் உடம்பு இரும்பு. முழங்கால் மட்டும் துருப்பிடித்த இரும்பு. உன் வீட்டுக்காரன் லைல் சுகமா என்று நான் கேட்கவில்லை, கேட்டதாக அவனிடம் சொல்லவும் வேண்டாம்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சத்தியமாகச் சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் கனடா எல்லையில், வில்லோ கிராசிங் சாவடியில், என் வீட்டுவண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐம்பதடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, எனக்கும் என் தொப்பிக்கும் தனித்தனி நாற்காலி. அதைக் கண்டதும் அமெரிக்காவே இரண்டடி பின்னால் நகர்ந்தது. பதினோரு அதிகாரிகள் ஓடிவந்தார்கள். நான்கு நாய்கள். ஒரு நாய் சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் பிறந்த தேதியைக் கேட்டது.

உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு கிழங்கின் குலம் கோத்திரத்தையும் விசாரித்தார்கள். நம் சஸ்காச்சவன் மாகாணத்து மண் ஒட்டியிருக்கிறதாம், அந்த மண் அவர்கள் நாட்டைக் கெடுத்துவிடுமாம். கெர்டா உயிரோடிருந்தபோது போட்டுவைத்த பெர்ரி ஜாம் ஒரு பாட்டில் மிச்சம் இருந்ததே, அதை முகர்ந்து பார்த்தான் ஒருவன். என் செத்துப்போன மனைவியின் ஜாமை ஓர் அந்நிய மூக்கு முகர்ந்தது, மார்லிஸ். எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியெல்லாம் புகைந்தது.

தால்க்விஸ்ட் என்று ஒரு மீசைக்காரன் முந்நூறு கேள்வி கேட்டான். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குச் சரியாகவே பதில் சொன்னேன்.

சரி, அது முடிந்த கதை. யூமாவில் உன் அம்மாவுக்கு எழுது: தம்பி வருகிறான், அக்கா மகாராணி மாதிரிப் படுத்தபடியே ஊர் திரும்பலாம். எனக்கு எழுதுவதானால் வில்லோ கிராசிங் தபால் நிலையத்துக்கே எழுது. நான் எங்கே இருந்தாலும் அனுப்பிவைப்பதாகத் தபால்காரி வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உங்களையெல்லாம் ஆசீர்வதிக்கும் அளவுக்கு வயதாகிவிட்டது, கோபம்தான் குறையவில்லை.
மாமா ஆஸ்மண்ட்


ஸ்விஃப்ட் கரன்ட்
29 அக்டோபர் 1979

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்குச் சளி. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை திட்டுவதோடு நிறுத்திவிடுகிறீர்களா?

எல்லை தாண்டியது பெரிய நிம்மதி. உங்கள் வண்டி முப்பத்திரண்டு அடி, மாமா, நானே அளந்திருக்கிறேன். போன கிறிஸ்துமஸில் லைல் அதைத் ‘திரை போட்ட ரொட்டி வண்டி’ என்று சொன்னது தப்புதான். அதற்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, இனி எங்கள் கூரைக்குக் கீழே கால் வைக்கமாட்டேன் என்று நீங்கள் சபதம் செய்ததும் தப்பு. பத்து மாதமாகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அலுத்துவிட்டேன்.

ஒரு செய்தி. சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில் அம்மாவின் இடுப்பு அறுவைக்குத் தேதி கிடைத்துவிட்டது: மார்ச் பத்து. அதைத் தவறவிட்டால் அடுத்து ஒரு வருடமாவது ஆகுமாம். போன வசந்தத்தில் யூமாவில் அவள் குடியிருக்கும் டிரெய்லர் வீட்டின் படியில் விழுந்து உடைந்த எலும்பு ஏற்கெனவே கோணலாகக் கூடியிருக்கிறது. இன்னும் ஒரு வருடம் போனால் அப்படியே இறுகிவிடும், பிறகு எழுந்து நடப்பாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கால்மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை, அதனால் விமானம் கிடையாது. அவள் உயரத்துக்கு எந்தக் காரின் பின்சீட்டும் போதாது. உங்கள் வண்டியின் கட்டில் ஒன்றுதான் வழி.

அறுவைக்குப் பிறகு உங்கள் பண்ணை வீட்டில் தங்குவேன் என்கிறாள். படியில்லாத வீடு, அவளுக்குச் சரிப்படும். அங்கே வாடகைக்கு இருக்கும் ஆசிரியர் தம்பதி மார்ச்சுக்குள் காலி செய்வார்களா? இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
மார்லிஸ்


வயோமிங்
25 நவம்பர் 1979

அன்பு மருமகளுக்கு,

குழந்தையின் சளிக்குக் கம்பளித்துணியும் பொறுமையும் போதும். நான் சுகம். இங்கே காற்று அடிக்கிற அடியில் என் காது இரண்டும் ஒரே பக்கம் வந்துவிட்டன.

வயோமிங்கைப் படைத்தவர்மேல் எனக்குத் தீராத கோபம். மூன்று மாடி உயரத்துக்குப் பனி. நேற்று ஒரு மாடு மேகத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்து உட்கார்ந்து காபி கேட்கிறது. இந்த அழகில் வண்டியின் கியர் பெட்டி வேலைநிறுத்தம். அதற்கு ஒரு பல்சக்கரம் வரவேண்டும். அது டென்வரிலிருந்து நத்தை முதுகில் கிளம்பியிருக்கிறது.

எழுபதடி வண்டியை மலைமேல் தனியாளாகத் தள்ளுகிறவனிடம் நீ வாடகைக்காரர்களைப் பற்றிக் கேட்கிறாய். கேட்டதற்கெல்லாம் அடுத்த கடிதத்தில் பதில்.

சூடாக இருங்கள்.
மாமா ஆஸ்மண்ட்


யூமா, அரிசோனா
8 டிசம்பர் 1979

தம்பி ஆஸ்மண்டுக்கு அக்கா சிக்னி,

நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும். நீ நன்றாக இல்லாத நாளில் ஊருக்கே கேட்கும்படி கத்துவாய்.

நான் படுத்திருக்கிறேன். கூரையில் நாற்பத்தோரு ஆணி. வேறு செய்தி இல்லை.

இந்த டிரெய்லர் பார்க் ஆபீசில் தினமும் கேட்கிறார்கள், உங்க தம்பி வந்துட்டாரா என்று. வண்டி நிறுத்த எனக்குப் பக்கத்து இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். போன வாரம் அதைக் கனடாவிலிருந்து வந்த ஆல்பர்ட்டாக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் உன்னைவிட ஒரு மாதம் பின்னால் கிளம்பினானாம். வழியில் பனி உண்டா என்று கேட்டேன். “பனியா? சட்டையக் கழட்டிப் போட்டுட்டுல்ல ஓட்டிட்டு வந்தேன்” என்கிறான்.

ஆறு வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். கடிதத்தில் காது தெரிவதில்லை, அதுதான் உனக்கு வசதி.

வரமுடியாவிட்டால் வரமுடியாது என்று எழுது. படுத்துக் கிடக்கிறவளைக் காத்திருக்க வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சிக்னி


ஸ்விஃப்ட் கரன்ட்
20 டிசம்பர் 1979

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

உங்கள் கடிதங்களை நேற்று மேசைமேல் பரப்பிவைத்துப் பார்த்தேன். மொன்டானாக் கடிதத்தில் நம் ராணியின் தலை. வயோமிங் கடிதத்திலும் அதே தலை. வயோமிங்கில் எப்போதிலிருந்து கனடா ஸ்டாம்பு விற்கிறார்கள்? இரண்டிலும் வில்லோ கிராசிங் முத்திரை. ராணிக்கு மீசை வரைந்த மாதிரி நேராகக் குத்தியிருக்கிறது.

நீங்கள் எல்லையைத் தாண்டவே இல்லை.

அக்டோபரிலிருந்து இரண்டரை மணிநேரத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மாடு மேகத்தில் மேய்ந்த கதை எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்காகத் தொலைபேசியில் காசைக் கொட்டினேன். அவள் சிரித்தாள். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள், மாமா. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

மார்ச் பத்துக்கு எண்பது நாள் இருக்கிறது. என்ன நடந்தது என்று எழுதுங்கள். நாய் வேண்டாம், பனி வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

மார்லிஸ்


வில்லோ கிராசிங், தானியக் கிடங்கின் பின்புறம்
3 பிப்ரவரி 1980

மார்லிசுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டதுதான். அதனால் குளிருக்குக் குறைவில்லை. குழந்தை சுகமா?

அதிகாரிகள் பதினோரு பேர் இல்லை. ஒருவன்தான், தால்க்விஸ்ட். நாயும் கிடையாது. கிழங்கையும் ஜாமையும் அவன் தொடவே இல்லை. மரியாதையான ஆள், அதுதான் இன்னும் எரிச்சல். வண்டியின் கதவில் ஒரு கை வைத்துக்கொண்டு கேட்டான்:

“உங்க வீடு எங்க ஐயா?”

நான் ஸ்டியரிங்கைத் தட்டினேன். “இதோ, நீங்க கை வெச்சிருக்கீங்களே, இதான் என் வீடு.”

வீட்டுவண்டிக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். முகாம்களில் நாங்கள் இதைச் சொல்லித்தான் கைகுலுக்கிக்கொள்வோம், எல்லோரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்கவில்லை.

“அப்ப கனடாவுல உங்களுக்கு வீடுன்னு ஒண்ணும் இல்ல?”

“எதுக்கு? நிறுத்தின இடம் வீடு.”

“வீட்டையே ஓட்டிக்கிட்டு எங்க நாட்டுக்குள்ள வர்றீங்க. திரும்பிப் போறதுக்கு அங்க என்ன இருக்கு உங்களுக்கு?”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாய்க்கு, மார்லிஸ்! அறுபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக.

வண்டியை அங்கேயே திருப்பச் சொன்னான். முப்பத்திரண்டு அடியை அந்த ஒற்றைச் சாலையில் திருப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று, பின்னால் நின்ற கோதுமை லாரிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே கேள்வி. வீட்டு வரி ரசீது காட்டுங்கள், வாடகைச் சீட்டு காட்டுங்கள், இல்லை, எங்களோடு இருக்கிறார் என்று யாராவது நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்கட்டும் என்கிறான். வேறு சாவடிக்குப் போகலாம் என்றால், திருப்பி அனுப்பியதை எல்லாச் சாவடிக்கும் எழுதிவிட்டானாம்.

வரி ரசீது ஏன் இல்லை என்று கேட்பாய். பண்ணை வீட்டை நான் வாடகைக்கு விடவில்லை. விற்றுவிட்டேன். ஒன்றரை வருடம் ஆகிறது. ஆசிரியர் தம்பதி என்று யாரும் இல்லை, அவர்களுக்கு நான் வைத்த பெயர்கள்கூட இப்போது மறந்துவிட்டன. கெர்டா போனபிறகு அந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு கோப்பை கழுவி வைக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. விற்ற பணம்தான் இந்த வண்டி. அக்காவிடம் சொல்ல தைரியம் வரவில்லை. அவளும் பிறந்து வளர்ந்த வீடு.

தால்க்விஸ்ட்மேல் கோபம், உன்மேல் கோபம், ஸ்டாம்பு விற்ற தபால்காரிமேல் கோபம். உன் அம்மா ஏன் அந்தப் படியில் ஏறினாள் என்று அவள்மேல்கூடக் கோபம். இவ்வளவும் தீர்ந்தபிறகு மிச்சம் இருக்கிறவன் இந்த வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான், அவனோடு நான் பேசுவதில்லை.

மாமா


ஸ்விஃப்ட் கரன்ட்
9 பிப்ரவரி 1980

மாமாவுக்கு,

குழந்தை சுகம். பல் முளைக்கிறது. வீட்டில் இரவு பகல் ஒரே அழுகை, அதில் என்னுடையது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

வீட்டை விற்றது உங்கள் இஷ்டம். முந்தின வருடம் நான் அந்த இல்லாத ஆசிரியர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதி உங்களிடம் கொடுத்தேனே, அவர்கள் நன்றி சொன்னதாக நீங்களும் சொன்னீர்களே. அது எனக்கு ஆறாது.

அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இப்போது அம்மா.

எங்கள் பின்னறை காலியாக இருக்கிறது. நீங்கள் எங்களோடு வசிக்கிறீர்கள் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும். வீடு லைல் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்துப் போடவேண்டும். கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பொய்க் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டதில்ல, போடவும் மாட்டேன். அவர் இங்க வரட்டும். பெட்டிய அறையில வெக்கட்டும், மேசையில உக்காந்து சாப்பிடட்டும், கட்டில்ல படுத்துத் தூங்கட்டும். அப்ப அது நிஜம். நிஜம்னா மறுநாள் காலையில நோட்டரி ஆபீஸ் வாசல்ல நான் நிப்பேன்.”

முகவரி உங்களுக்குத் தெரியும்.

மார்லிஸ்


வில்லோ கிராசிங்
14 பிப்ரவரி 1980

மார்லிசுக்கு,

நலம். நலமே.

மாப்பிள்ளையிடம் சொல். நார்வேயிலிருந்து என் தாத்தா கடலைக் கையால் துழாவிக்கொண்டு வந்தது வீட்டைச் சூடேற்றும் பர்னஸுக்கு ரிப்பேர் பார்க்கிறவனிடம் நான் கட்டில் பிச்சை கேட்பதற்காக அல்ல. நான்கு வரி எழுதித் தர அவன் என் சாப்பாட்டையும் தூக்கத்தையும் அளந்து பார்க்கவேண்டுமாம். தால்க்விஸ்டே மேல். அவன் காகிதத்தைத்தான் கேட்கிறான், இவன் என் கழுத்தை வளைக்கப் பார்க்கிறான்.

வரமாட்டேன். வேறு வழி தேடுகிறேன்.

ஆஸ்மண்ட்


யூமா
14 பிப்ரவரி 1980

தம்பி ஆஸ்மண்டுக்கு,

மார்லிஸ் பார்க் ஆபீசுக்குத் தொலைபேசியில் பேசி எல்லாவற்றையும் சொன்னாள். ஆல்பர்ட்டாக்காரன் ஆள் சேர்த்து என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பேசவைத்தான்.

வீட்டை நீ விற்றது எனக்கு அப்போதே தெரியும். வாங்கினவனின் மனைவி எனக்குக் கடிதம் போட்டாள், கிணற்று மூடி எங்கே இருக்கிறதென்று கேட்டு. எழுதிக் கொடுத்தேன். நீயாக ஒருநாள் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் தங்குவேன் என்று மார்லிஸிடம் சொன்னதும் அதற்காகத்தான். அப்போதாவது உன் வாயிலிருந்து வருகிறதா என்று பார்த்தேன். நீ வயோமிங் போய்விட்டாய்.

எனக்கு வீடு வேண்டாம். எனக்கு இடுப்பு வேண்டும்.

போன மாதம்வரை ஊன்றுகோலோடு கழிவறைக்குப் போய்வந்தேன். இப்போது முடியவில்லை. பக்கத்து டிரெய்லர் பெண் கிண்ணம் கொண்டுவந்து வைக்கிறாள். எனக்கு அறுபத்தொன்பது வயது, இன்னொருத்தி எனக்குக் கிண்ணம் எடுக்கிறாள். நீ அங்கே மானத்தைக் கட்டிக்கொண்டு தானியக் கிடங்கின் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். யாருடைய மானம் போய்க்கொண்டிருக்கிறது என்று யோசி.

அந்தப் பையனின் மேசையில் போய் உட்கார். போட்டதைத் தின்னு.

சிக்னி


யூமா, அரிசோனா
29 பிப்ரவரி 1980

அன்பு மருமகள் மார்லிசுக்கும், வேறு வழியில்லாததால் மாப்பிள்ளை லைலுக்கும்,

உங்கள் பின்னறையில் மூன்று இரவு படுத்த முதுகு நலம். குழந்தையின் பல் என்ன ஆயிற்று? இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்து சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவோம். இருந்தாலும் எழுதுகிறேன், சில விஷயங்கள் என் வாய்க்கு வராது.

உன் அம்மாவைக் கட்டிலில் ஏற்றியாயிற்று. ஆல்பர்ட்டாக்காரனும் இன்னும் ஐந்து பேரும் ஜன்னல் வழியாக அவளை அலமாரி மாதிரி உள்ளே விட்டார்கள். நாளை காலை கிளம்புகிறோம். தினம் எட்டு மணிநேரம் ஓட்டினால் ஆறாம் தேதி இரவு சாஸ்கடூன். என்னைப் பார்த்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது, குழந்தை வளர்ந்தபிறகு படிக்கக்கூடும். ஒரு மணிநேரம் திட்டினாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். அப்புறம் காபி எங்கே என்றாள்.

இனி எல்லையைத் தாண்டிய வீரகாவியம். நான் வரும் செய்தி எட்டியதும் சாவடியில் பீரங்கி முழங்கியது. வாத்தியக்கோஷ்டி நின்றது. அதே மீசை, அதே கை, அதே கதவு. மாப்பிள்ளையின் காகிதத்தை நீட்டினேன். எழுத்து எழுத்தாகப் படித்தான், பொன்னெழுத்தோ என்று சுரண்டியும் பார்த்தான். படித்துவிட்டு மண்டியிட்டு அழுதான். என் வண்டி நூற்றிருபது அடிக்கு நீண்டு, பின்சக்கரம் கனடாவில் இருக்கும்போதே முன்சக்கரம் அரிசோனாவில் இறங்கியது.

சரி, மண்டியிடவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு கேட்டான்:

“எத்தன நாளா அங்க இருக்கீங்க?”

“மூணு நாளா.”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குக் கஷ்டமே இல்லாத வேலை. வாயில் வந்தது அதுதான்.

அவன் முகம் மாறியது. “மூணு நாள்தானா? நீங்க திரும்பிப் போவீங்கன்னு நான் எத வெச்சு நம்பறது?”

மார்லிஸ், மறுபடியும் வாய் அடைத்துக்கொள்ளும் போலிருந்தது. அப்போது கடைசி இரவு உங்கள் மேசையில் நடந்தது நினைவுக்கு வந்தது. பாலைவனத்துக்குப் போகும்போது பின்டயரில் காற்றைக் குறைக்கவேண்டும் என்று நான் சொன்னேன், கூட்டவேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னான், நீ விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாய்.

“எங்க மாப்பிள்ளையோட ஒரு சண்டை பாதியில நிக்குது” என்றேன். “நான் திரும்பிப் போகலைன்னா அவன் ஜெயிச்சதா ஆயிரும்.”

தால்க்விஸ்ட் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு கதவிலிருந்து கையை எடுத்து, சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை இறக்கினான்.

பீரங்கி பொய். வாத்தியம் பொய். ஆறு பேர் தூக்கியதும் பொய், இரண்டு பேர்தான், அதுவும் வாசல் வழியாகத்தான். அந்தச் சண்டை ஒன்று மட்டும் நிஜம். காற்றைக் குறைத்துத்தான் ஓட்டினேன், ஒரு டயர் வெடித்தது. அதை மாப்பிள்ளையிடம் நானே வந்து சொல்லிக்கொள்கிறேன்.

ஆஸ்மண்ட்